மறைவது வேறு, தீர்வது வேறு

நீரில் விரைந்து சிதையும் ரசாயனங்களின் தீங்கை எப்படி அளப்பது? திருவண்ணாமலையின் ஏரி, குளம், வயல்களை முன்வைத்து ஒரு விசாரணை

திருவண்ணாமலையில் பௌர்ணமி கழிந்த மறுநாள் காலையில், லட்சக்கணக்கான யாத்ரீகர்கள் இரவெல்லாம் நடந்து தீர்த்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரங்களில், தூய்மைப் பணியாளர்கள் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வெள்ளைப் பொடியைச் சாக்கடை விளிம்பையொட்டித் தூவிக்கொண்டு போவது வழக்கம். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, வெயில் ஏறி உச்சிக்கு வருவதற்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. நெடி போயிற்று, ஆகவே மருந்தும் போயிற்று என்று வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதி முழுவதும் ஆதாரமற்றது அல்ல. குளோரின் வெயிலிலும் அழுக்கிலும் வெகு சீக்கிரம் செலவாகிவிடும் பொருள்தான். ஊருக்கு வெளியே மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லையிலும் நெல் வயலிலும் அடிக்கப்படும் பூச்சிமருந்துகளிற் பலவும் இன்று அவ்விதமே, தண்ணீரைக் கண்டால் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உருக்குலைந்து போகிறவையாகவே தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு பழைய பாடம் இருக்கிறது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் சக்தியைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது, அதே டி.டி.டி. மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடந்து, மீனின் கொழுப்பில் ஏறி, மீனைத் தின்ற பறவையின் முட்டை ஓட்டை மெலியச் செய்ததைக் கண்டபின், உலகம் நீடித்து நிற்கும் விஷங்களை விட்டுச் சீக்கிரம் சிதையும் விஷங்களை நாடிற்று. இந்தியாவிலும் 1989-இல் விவசாயத்தில் டி.டி.டி. விலக்கப்பட்டது. அந்த மாற்றம் நல்லதே என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு ரசாயனம் எவ்வளவு சீக்கிரம் சிதைகிறது என்று கேட்டறிந்ததோடு விசாரணையை முடித்துக்கொள்வது நியாயமாகாது. எதுவாகச் சிதைகிறது, எந்த நீரில் சிதைகிறது, சிதைந்தபின் மறுபடி எப்போது வந்து சேர்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே அதை நிரபராதி என்று விடுவிக்கலாம்.

கண்ணாடிக் குடுவையில் நடப்பது

நீரே ஒரு ரசாயனத்தைத் தாக்கிப் பிளப்பதை நீராற்பகுப்பு என்பார்கள். இட்ட பொருளில் சரிபாதி அழிவதற்குப் பிடிக்கும் காலம் அதன் அரை ஆயுள். இதை அளப்பதற்குப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்த 111-ஆம் எண் வழிமுறையையே உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அனுசரிக்கின்றன. அமிலத்தன்மை கொண்ட பி.எச். 4, நடுநிலையான 7, காரமான 9 ஆகிய மூன்று நீர்களில் பொருளைக் கரைத்து, முதலில் 50 டிகிரி வெப்பத்தில் 5 நாட்கள் வைத்துப் பார்க்கிறார்கள். அவ்வளவு சூட்டிலும் 10 சதவீதத்துக்குக் குறைவாகவே சிதைந்தால், 25 டிகிரியில் அதன் அரை ஆயுள் ஓர் ஆண்டைத் தாண்டும் என்று கொண்டு, நீராற்பகுப்பு அதனிடம் செல்லாது என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குமேல் சிதைந்தால் ஆராய்ச்சி தொடரும்.

இதுவரை சிக்கல் ஏதுமில்லை. பொருளின் விஷத்தை ஜீவராசிகளின்மீது சோதிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பாசியை 72 மணி நேரமும், நீர்த்தெள்ளு என்னும் சிறு உயிரை 48 மணி நேரமும், மீனை 96 மணி நேரமும் மருந்து கலந்த நீரில் விட்டுப் பார்ப்பது முறை. அரை ஆயுள் 12 மணி நேரமே உள்ள ஒரு பொருளை லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வீதம் கலந்து மீனை விட்டால், மறுநாள் காலையில் 25 மைக்ரோகிராமும், நான்காம் நாள் முடிவில் அரை மைக்ரோகிராமுக்கும் குறைவாகவுமே மிஞ்சியிருக்கும். மீன் பிழைத்துவிட்டது என்பதற்காக, 100 மைக்ரோகிராமைத் தாங்கிற்று என்று ஏட்டில் எழுதினால் அது பொய்க்கணக்கு ஆகும். உண்மையில் மிகக் கொடிய ஒரு பொருள் சாதுவான பொருள் என்ற பெயரோடு வெளியே வந்துவிடும். விரைவாகச் சிதையும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் இந்தச் சலுகை, யாரும் கொடுக்காமலே கிடைத்துவிடக் கூடியது.

ஆகையால்தான் அதே அமைப்பு, சோதிப்பதற்குக் கடினமான பொருள்களுக்கென்று 23-ஆம் எண் வழிகாட்டி ஏட்டை 2000-இல் வெளியிட்டு, 2019-இல் திருத்திப் புதுப்பித்தது. குறித்த இடைவெளியில் பழைய கரைசலைக் கொட்டிப் புதிய கரைசலை ஊற்ற வேண்டும். அதுவும் போதாதென்றால், புதுக் கரைசல் இடைவிடாமல் தொட்டிக்குள் பாய்ந்து வெளியேறும்படி செய்ய வேண்டும். தொட்டியில் உள்ள அளவை இடையிடையே எடுத்துப் பார்த்து, அது தொடக்க அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், கலந்த அளவை நம்பாமல் அளந்த அளவின் சராசரியைக் கொண்டே முடிவு சொல்ல வேண்டும். பொருள் உயிரைத் தொடுவதற்கு முன்பே சிதைந்துவிடும் அளவுக்கு அவசரக்காரனாக இருந்தால், அதன் சிதைவுப் பொருள்களையே எடுத்துத் தனியே சோதிக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் ரசாயன வகைப்பாட்டு முறையும் இதே நிபந்தனையை விதிக்கிறது: நீராற்பகுப்பால் ஒரு பொருள் சீக்கிரம் மறைவதை அதற்குச் சாதகமாகக் கொள்ள வேண்டுமானால், பகுத்து வரும் பொருள்கள் நீர்வாழ் உயிர்களுக்கு அபாயமற்றவை என்று நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

சிதையும் வேகமே அபாயமாக முடியலாம் என்பதற்கு நம் நாட்டைவிடக் கொடிய சாட்சியம் வேறெங்கும் இல்லை. மீத்தைல் ஐசோசயனேட் என்னும் திரவம் நிறைய நீரில் கலந்தால் சில நிமிஷங்களிலேயே பாதி அழிந்துவிடும். ஏரியிலோ ஆற்றிலோ அது தங்காது என்று காகிதத்தில் எழுதுவது எளிது. அதே பொருள் இருந்த தொட்டிக்குள் நீர் புகுந்ததால் எழுந்த வெப்பமும் அழுத்தமும் 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் போபால் நகரத்தை என்ன செய்தன என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஏரியின் பகலும் இரவும்

ஆய்வுக்கூடத்து நீர் காலையில் இருந்தபடியே மாலையிலும் இருக்கும்படி உப்புகளைக் கொண்டு கட்டிவைக்கப்பட்ட நீர். திருவண்ணாமலையின் சமுத்திரம் ஏரியும், மாவட்டமெங்கும் கரைகட்டி நிற்கும் நூற்றுக்கணக்கான மற்ற ஏரிகளும் அப்படிக் கட்டுப்பட்டவை அல்ல. கோடையில் வற்றிப் பாசி பிடித்துப் பச்சையாக நிற்கும் ஏரியில், பொழுது விடிந்ததும் பாசி சூரிய ஒளியைக் கொண்டு நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சத் தொடங்குகிறது. வாயு குறையக் குறைய நீரின் காரம் ஏறி, பிற்பகலில் பி.எச். 9-ஐத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு. இரவில் பாசியும் மீனும் நுண்ணுயிர்களும் சுவாசித்து அதே வாயுவை நீருக்குத் திருப்பித் தருவதால், விடியற்காலையில் காரம் மறுபடி இறங்கி நிற்கும். ஒரே ஏரியில், ஒரே நாளில், ரசாயன சாஸ்திரத்தின் கண்ணுக்கு இரண்டு வேறு ஏரிகள் இருக்கின்றன.

இந்த வேறுபாடு அற்பமானது அன்று. மாலத்தியான் என்னும் பூச்சிமருந்துக்கு 25 டிகிரியில், பி.எச். 5 நீரில் அரை ஆயுள் சுமார் 107 நாட்கள். 7-இல் சுமார் 6 நாட்கள். 9-இல் அரை நாள். நான்கு நாட்களுக்குப்பின் பார்த்தால் நடுநிலை நீரில் 60 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருக்க, கார நீரில் அரை சதவீதம்கூட இராது. கார்பரிலும் இதே ரகம். நடுநிலை நீரில் பாதியாவதற்கு 12 நாட்கள் எடுப்பது கார நீரில் சுமார் 3 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. ஆனால் எல்லா மருந்துகளும் காரத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. நெல்லுக்கு அடிக்கும் கார்போசல்பான் அமில நீரில் சில நிமிஷங்களிலும், நடுநிலை நீரில் சுமார் 11 மணி நேரத்திலும் பாதியாகிறது. கார நீரிலோ ஒரு வாரம் வரை நிற்கிறது. ஆகவே இந்த மருந்து சீக்கிரம் சிதையும் என்று பொதுப்படச் சொல்லும் வாக்கியத்துக்கு, எந்த நீரில் என்று சேர்த்துச் சொல்லாத வரையில் பொருளே கிடையாது.

வெப்பத்தின் கதையும் இதைப் போன்றதே. நீர்த்தெள்ளுச் சோதனை 20 டிகிரியை ஒட்டி நடக்கிறது. நம் ஏரிகளின் மேல்நீர் கோடையில் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பத்து டிகிரி ஏறினால் சிதைவின் வேகம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆவது பொதுவான அனுபவம். தாய்ப்பொருள் சீக்கிரம் போய்விடுகிறது என்று இதனால் மகிழலாம். ஆனால் அதன் சேய்ப்பொருள்கள் அதே வேகத்தில், அடர்த்தியாக, ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன என்பதும் இதனாலேயே நேர்கிறது. குளிர்நாட்டில் அளந்த எண்ணை நம் ஊருக்கு அப்படியே பெயர்த்துக்கொள்வது இரண்டு வகையிலும் பிழை.

இந்த ரசாயனத்தை ஏட்டில் படிக்காமலே கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள் விவசாயிகள். மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தில் நீல பிளாஸ்டிக் பீப்பாயில் போர்த் தண்ணீரை நிரப்பி, பாட்டிலின் மூடியாலேயே மருந்தை அளந்து ஊற்றி, வேப்பங்குச்சியால் கலக்கி, அந்த நிமிஷமே ஸ்பிரேயர் டேங்கில் முகந்து முதுகில் ஏற்றிக்கொள்கிறார்கள். கலக்கி வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனால் மருந்தின் வேகம் குறைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாறைப் பாங்கான இந்தப் பிரதேசத்தின் ஆழ்குழாய்க் கிணறுகளில் நீர் கடினமாகவும் சற்றே காரமாகவும் இருப்பது சகஜமாதலால், மருந்து இலையைத் தொடுவதற்கு முன்பே பீப்பாய்க்குள் சிதையத் தொடங்கிவிடுகிறது. வேகம் குறைந்ததென்று அடுத்த டேங்குக்கு மூடிக் கணக்கைக் கூட்டுவதும், வேலை முடிந்தபின் டேங்கை வாய்க்கால் நீரில் கழுவி ஊற்றுவதும் வழக்கமாயிருப்பதால், சிதைந்ததும் சிதையாததும் கலந்த நீர் மடை வழியே கீழுள்ள ஏரிக்குப் போய்ச் சேருகிறது.

தாய் போனபின் சேய்

திருவண்ணாமலை மாவட்டம் தமிழ்நாட்டில் நிலக்கடலை அதிகம் விளையும் மாவட்டங்களுள் ஒன்று. கடலைச் செடிக்கு வரும் டிக்கா இலைப்புள்ளி நோய்க்கு மருந்துக் கடையில் முதலில் எடுத்துக் கொடுக்கப்படும் பூஞ்சணக்கொல்லிகளுள் மான்கோசெப் முக்கியமானது. மஞ்சள் நிறப் பொடியான அது தண்ணீரில் முழுதும் கரையாமல் கலங்கி நின்று, அடித்தபின் இலையில் மஞ்சள் பூச்சாகத் தெரியும். எலியின் வாய்வழியே கொடுத்துப் பார்த்தால் மிகக் குறைந்த விஷமுள்ளது; நீரில் ஓரிரு நாட்களுக்குள் சிதைந்தும் விடுகிறது. இந்த இரண்டு சான்றிதழ்களையும் மட்டும் பார்ப்பவருக்கு இதைவிட உத்தமமான மருந்து இல்லை என்றே தோன்றும்.

ஆனால் மான்கோசெப் சிதையும்போது எத்திலீன் தயோயூரியா என்னும் சேய்ப்பொருள் பிறக்கிறது. அது தாயைப்போல் நீரில் கலங்கி நிற்காமல் தாராளமாகக் கரைகிறது. நீராற்பகுப்புக்கு எளிதில் மசிவதில்லை. வெயிலும் நுண்ணுயிர்களுமே அதைக் கரைத்தழிக்க வேண்டும். தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுப்பது அதன் சுபாவம். இதை முன்னிட்டே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1987-இல் மான்கோசெப் இனத்து மருந்துகளை விசேஷ மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இந்தியாவில் 27 பூச்சிமருந்துகளைத் தடை செய்யலாம் என்று மத்திய அரசு 2020 மே மாதம் வெளியிட்ட வரைவு ஆணையின் பட்டியலிலும் மான்கோசெப் இடம்பெற்றிருந்தது. மாலத்தியானும் அதே பட்டியலில் இருந்தது. உணவுப் பொருளில் இந்த இனத்து மருந்துகளின் எச்சத்தை அளக்கும் வழக்கமான முறையோ, அவற்றைக் கார்பன் டைசல்பைடாக மாற்றிக் கணக்கிடுகிறது. எத்திலீன் தயோயூரியா அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

மேலே சொன்ன கார்போசல்பான் சிதைந்தால் கிடைப்பது கார்போபியூரான். ஃபுரடான் குருணை என்று நம் விவசாயிகள் நெடுங்காலமாக அறிந்த, பறவைகளுக்கும் மீன்களுக்கும் கொடிய விஷம் அதுதான். டிரைகுளோர்பான் என்னும் மருந்து கார நீரில் சில மணி நேரத்தில் டைகுளோர்வாஸாக மாறுகிறது. தாயைவிடச் சேய் பல மடங்கு வீரியமுள்ளது. டிரைகுளோர்பான், டைகுளோர்வாஸ் இரண்டையும் 2018-ஆம் ஆண்டு ஆணையின்படி 2020 இறுதியோடு இந்தியா விலக்கியது. சிதைவு என்றாலே விஷம் குறைவு என்று நாம் செய்துகொள்ளும் அனுமானத்துக்கு இந்த உதாரணங்கள் இடம் கொடுப்பதில்லை.

இதைச் சிறிதும் சந்தேகத்துக்கு இடமின்றி உலகத்துக்குக் காட்டிய சம்பவம் 1991 ஜூலை 14-ஆம் தேதி இரவு, கலிபோர்னியாவில் கண்டாரா வளைவு என்னும் இடத்தில் நடந்தது. ரயில் ஒன்று தடம்புரண்டு, அதிலிருந்த ஒரு தொட்டி வண்டி சாக்ரமெண்டோ ஆற்றில் விழுந்தது. சுமார் 72,000 லிட்டர் மெட்டாம் சோடியம் நீரில் கலந்தது. மண்ணைச் சுத்திகரிக்கும் களைக்கொல்லியாக விற்கப்பட்டுவந்த அந்தப் பொருள், அந்நாட்டுப் போக்குவரத்து விதிகளின்படி அன்று அபாயகரமான சரக்காகவே எண்ணப்படவில்லை. வண்டியில் எச்சரிக்கைப் பலகையும் இல்லை. நீரில் பட்டதும் அது மீத்தைல் ஐசோதயோசயனேட் என்னும் நச்சுப் பொருளாகச் சிதைந்தது. அதற்குக் கீழே சாஸ்தா ஏரி வரையில் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றில் மீன், பூச்சி, பாசி என்று எதுவும் மிஞ்சவில்லை. அந்த ஆறு இறந்தது தாய்ப்பொருளால் அல்ல, அதன் சிதைவால்.

குழாய்க்கு வரும் வழியில்

திருவண்ணாமலை நகரத்துக்குக் குடிநீர் வரும் முக்கிய இடம், தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை. எந்த நீர்நிலையிலிருந்து எடுத்தாலும், குழாயில் விடுவதற்கு முன் நீருக்குக் குளோரின் சேர்ப்பது காலரா முதலிய வியாதிகளிலிருந்து நம்மைக் காத்துவரும் மகத்தான ஏற்பாடு. அதைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் சீக்கிரம் மறையும் இரண்டு ரசாயனங்கள் ஒன்றையொன்று சந்திக்கும்போது என்ன நேர்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வயலிலிருந்து வந்த மாலத்தியான் சிறிதளவு நீரில் எஞ்சியிருந்தால், குளோரின் அதைத் தாக்கி மாலாக்ஸானாக மாற்றுகிறது. நரம்புகளின் செய்தியை நிறுத்தும் நொதியைத் தாக்குவதில் மாலாக்ஸான் தாயைவிடப் பன்மடங்கு வலியது. அமெரிக்க முகமை தன் மதிப்பீட்டில் 61 மடங்கு வரை கணக்கிட்டிருக்கிறது. குளோர்பைரிபாஸ் முதலிய உறவுக்கார மருந்துகளும் குளோரினோடு சேர்ந்தால் இவ்வாறே தத்தம் ஆக்ஸான் வடிவமாக மாறுகின்றன.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், டி.டி.டி.யோடு (DDT) அதன் சேய்களான டி.டி.இ. (DDE), டி.டி.டி. (DDD) ஆகியவையும், எண்டோசல்பானோடு அதன் சல்பேட்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நெடுநாள் நிற்கும் விஷங்களுக்கு வாரிசுகளையும் எண்ண வேண்டும் என்ற விவேகம் நம் தரத்தை வகுத்தவர்களுக்கு இருந்தது. மாலத்தியானுக்கு லிட்டருக்கு 190 மைக்ரோகிராம் என்ற எல்லையும் அங்கே இருக்கிறது. மாலாக்ஸான் என்ற பெயர் இல்லை. சீக்கிரம் சிதையும் பொருளுக்கு வாரிசு இராது என்று எண்ணிவிட்டாற்போல் அந்த இடம் காலியாக நிற்கிறது.

குளோரினும் தன் பங்குக்குச் சேய்களை விட்டே போகிறது. இலைச்சருகும் பாசியும் கலந்த நீரில் குளோரினை இட்டால் குளோரோபாம் முதலான பொருள்கள் உண்டாகின்றன என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த ரூக் என்னும் விஞ்ஞானி 1974-இல் கண்டறிந்தார். அதன் பின்னரே நாடுகள் குடிநீரில் அவற்றுக்கு எல்லை வகுத்தன. மீன்களுக்குச் சேய்கூட வேண்டாம், தாயே போதும். குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது நம் தரம். நன்னீர் உயிர்களைக் காக்க அமெரிக்க முகமை விதித்த உச்ச அளவோ 0.019 மில்லிகிராம். மனிதனுக்குப் பாதுகாப்பு எனக் கொண்ட அளவு, மீனுக்குத் தாங்கும் எல்லையைப் போல் பத்து மடங்கு. கிரிவலப் பாதையின் ஓரத்துக் குளத்தில், மழைக்கு முந்திய நாள் தாராளமாகத் தூவிய பிளீச்சிங் பவுடர் வடிந்து சேர்ந்தால், அது ஒரு மணி நேரமே இருந்தாலும் மீனுக்கு அந்த ஒரு மணி நேரம் போதும்.

காலியாகாத சத்திரம்

மூன்றாவது கேள்வி, மறுபடி எப்போது வருகிறது என்பது. சத்திரத்தில் தங்கும் யாத்ரீகர் ஒவ்வொருவரும் மறுநாள் காலையில் கிளம்பிவிடுகிறார்கள். ஆனாலும் சத்திரம் எந்த நாளும் காலியாக இருப்பதில்லை. நாலு நாளில் சிதைந்து போகும் மருந்தை நாலு நாளைக்கு ஒருமுறை அடித்தால், அந்த ஏரியில் வாழும் மீனுக்கு அது சிதையாத மருந்துதான். மனிதர் உட்கொள்ளும் மருந்துகளும் சோப்பு முதலிய வீட்டு ரசாயனங்களும் கழிவுநீரில் இப்படி இடைவிடாமல் வந்து சேருவதை, அமெரிக்க விஞ்ஞானி டாட்டனும் ஜெர்மானிய விஞ்ஞானி டெர்னெஸும் 1999-இல் எடுத்துக்காட்டினார்கள். அதுமுதல், நிலைப்பு என்பது ஒரு பொருளின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று, அதை நாம் கையாளும் வழக்கத்தையும் பொறுத்தது என்று நிபுணர்கள் ஒப்புக்கொள்ளலாயினர்.

க்ஷேத்திரங்களில் இந்தக் கருத்து இன்னும் விரிகிறது. ஆலயத்தினுள்ளே சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும், வெளியே தீபத் திருவிழாவின் முடிவில் தெப்பம் மிதக்கும் அய்யங்குளமும் கொண்ட ஊர் இது. இந்தக் குளங்களில் சேரும் பொரி, பால், பழம், மலர் முதலிய யாவும் முழுவதும் சிதைந்துபோகும் பொருள்கள்தாம். எந்த விஷச் சேயையும் அவை ஈன்றுவிடுவதில்லை. ஆயினும் அவை சிதைவதற்கு நீரிலுள்ள பிராணவாயு வேண்டும். ஒரு லிட்டர் பால் சிதைவதற்கு 100 கிராமுக்கு மேற்பட்ட பிராணவாயு தேவை. வெயிற்காலத்து வெதுவெதுப்பான குளத்து நீரில் லிட்டருக்குக் கரைந்திருப்பதோ 7 அல்லது 8 மில்லிகிராம். ஒரே லிட்டர் பால், பத்தாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட நீரின் பிராணவாயுவைக் குடித்துவிடக் கூடியது. மீனுக்குப் பொரி போடும் புண்ணியவான், அளவு மீறினால் அதே மீனின் மூச்சை நிறுத்துகிறார். விரைவாகச் சிதைவதே இங்கே தீங்காக முடிகிறது.

முக்கோணம் சொல்லாதது

மருந்து வாங்கும் விவசாயிக்கு அரசாங்கம் கொடுக்கும் எச்சரிக்கை, பாட்டிலின் மேலுள்ள வண்ண முக்கோணம். 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தையும் 1971-ஆம் ஆண்டின் விதிகளையும் ஒட்டி வந்த அந்த ஏற்பாட்டில், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நான்கு நிறங்களும் எலி முதலிய பிராணிகளைக் கொல்லும் அளவைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றன. தெளிக்கிறவரின் உயிரைக் காக்கும் நோக்கத்தில் அது நல்ல ஏற்பாடே. ஆனால் ஏரிக்கு அது ஒன்றும் சொல்வதில்லை. மீனைப் பற்றியோ, காரநீரில் நிகழும் மாற்றத்தைப் பற்றியோ, சேய்ப்பொருளின் பெயரைப் பற்றியோ அந்த முக்கோணத்துக்குத் தெரியாது.

செய்யக்கூடியவை பெரிய செலவைக் கோருபவை அல்ல. பதிவின்போது நிறுவனங்கள் மூன்று பி.எச். அளவுகளிலும் அரை ஆயுளை அளந்து கொடுக்கின்றன. அதைக் கோப்பிலிருந்து எடுத்து, முக்கிய சேய்ப்பொருளின் பெயரோடு லேபிளில் தமிழில் அச்சிடச் சொல்வதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். குடிநீர்த் தரப் பட்டியலில் மாலாக்ஸானுக்கும் எத்திலீன் தயோயூரியாவுக்கும் இடம் கொடுக்கும்போதுதான் பரிசோதனைக்கூடங்கள் அவற்றைத் தேடத் தொடங்கும்; தேடாத பொருள் எந்த அறிக்கையிலும் அகப்படாது. 2014-இல் வாழவச்சனூரில் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரியும், நகரத்திலுள்ள கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியும் மாவட்டத்தின் ஏரிகள் சிலவற்றைத் தேர்ந்து, விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் நீரின் காரத்தையும் வெப்பத்தையும் ஓர் ஆண்டு குறித்து வைத்தால், இங்கே அடிக்கும் மருந்துகள் உண்மையில் எவ்வளவு காலம் நிற்கின்றன, எப்போது சேய்ப்பொருள் குவிகிறது என்பதற்கு வேறெங்கும் கிடைக்காத பிரமாணம் கிடைக்கும். 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த இந்த ஊர், பிளீச்சிங் பவுடரைக் கண்ணளவாகத் தூவாமல் இடத்துக்கு ஏற்ற அளவு வகுத்துக்கொள்வதும், குளங்களின் விளிம்பை விட்டுத் தள்ளித் தூவுவதும் எளிதில் நடக்கக்கூடியவை. ஸ்பிரேயரைக் கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றாமல், மருந்தடித்த நிலத்திலேயே ஊற்றச் சொல்வதற்கு ஒரு கிராமசபைக் கூட்டம் போதும்.

சீக்கிரம் சிதையும் ரசாயனங்களை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் நின்று கொன்ற விஷங்களின் காலத்துக்குத் திரும்ப எவரும் விரும்பார். ஆனால் சிதைவு என்பது அப்பொருளுக்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு அளிக்கும் மன்னிப்பாக இருக்கலாகாது; சோதனையால் ஈட்டிக்கொள்ள வேண்டிய நற்சான்றாக இருக்க வேண்டும். அந்தச் சோதனை எங்கோ குளிர்நாட்டின் கண்ணாடிக் குடுவையில் முடிந்துவிட்டது என்று இருந்துவிடாமல், சமுத்திரம் ஏரியின் பிற்பகல் நீரிலும் நடந்தாக வேண்டும். ஏனெனில் அந்த மருந்து கடைசியாக வந்து சேருவது இந்த நீரில், இதைக் குடிப்பவர்களும் இதில் மீன்பிடிப்பவர்களும் நாம்.